தகட்டுக்குப் பின்னால் ஒரு சன்னல்

சிம்மக்கல் பக்கம் வருகிறவர்கள் எங்கள் கட்டடத்தைப் பார்த்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சாம்பல் நிறமும் ஆரஞ்சு நிறமுமாக, கடை ஷட்டருக்கு மேலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஒரே வழவழப்பு. உச்சியில் கடையின் பெயர், பொழுது சாய்ந்தால் எரிகிற எழுத்தில். அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு சன்னல் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் சன்னலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார் என்பதும் தெரியாது. எடுத்துச் சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, "ஆனா பார்க்கச் சூப்பரா இருக்குங்க" என்பார்கள். அதனால் இப்போதெல்லாம் சொல்வதில்லை.

அந்த வழவழப்புக்குப் பெயர் ஏசிபி ஷீட். மெல்லிய இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை வைத்து அழுத்திய பலகை. சுவரில் பசை தடவி ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை. சுவரைத் துளைத்து போல்ட் இறக்கி, போல்டில் கிளாம்ப் மாட்டி, கிளாம்பில் அலுமினியச் சட்டம் பிடித்து, அந்தச் சட்டத்தின் மேல்தான் தகட்டைத் திருகுகிறார்கள். சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். பழைய வீடு உள்ளே அப்படியே நிற்கும், வெளியே புது வீடு ஒன்று அதை மறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் தெருவில் பாதிக் கட்டடங்கள் இப்படித்தான். அழுக்குச் சுவரை மூடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. நானும் விருந்தாளி வந்தால் கிழிந்த மெத்தை மேல் நல்ல விரிப்பைப் போடுகிறவள்தான்.

கட்டடம் என் மாமனார் கட்டியது. கீழே கயிற்றுக் கடை. தேங்காய்நார்க் கயிறு, நைலான் கயிறு, சாக்கு, தார்ப்பாய் எல்லாம் மொத்த வியாபாரம். முதல் மாடியில் மூத்த கொழுந்தனார் குடும்பம், இரண்டாம் மாடியில் நாங்கள். இளைய கொழுந்தனார் திருப்பூரில் இருக்கிறார், பங்கு மட்டும் இங்கே. மாமனார் கட்டடத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை. பிரிக்காமல் ஓட்டுவதற்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். பொதுச் சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் அண்ணன் தம்பி மூவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. பெண்டாட்டி வாயால் சொல்லி அனுப்பினால் செல்லவே செல்லாது. "மூணு வாயும் சொல்லணும்" என்பார். கேட்பவர் காபி வைத்துத்தான் கேட்க வேண்டும், சரி என்று சொன்ன பிறகுதான் தம்ளரைத் தொட வேண்டும் என்பதெல்லாம் பின்னால் தானாகச் சேர்ந்துகொண்டது. தண்ணீர்த் தொட்டியை மாற்றியதும் படிக்கட்டுக்குக் கிரில் போட்டதும் இந்த முறையில்தான். அக்கம்பக்கத்தில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தபோது எங்கள் வீட்டில் ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அதை நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மூவரில் பேச்சுக்காரர் என் வீட்டுக்காரர்தான். கடையில் கல்லா மூத்தவருடையது, வாசல் இவருடையது. கேரளத்திலிருந்து வருகிற வியாபாரிகளிடம் மலையாளம் மாதிரி ஒன்று பேசுவார். அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கேட்டதற்கு மேலேயே சரக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். வீட்டிலும் அவர் வாய் ஓயாது. கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன் என்று நான் எரிந்து விழாத நாள் கிடையாது. ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாயில் ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. "சரி."

மூளையில் பேச்சு வருகிற இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒற்றை வார்த்தை தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். நாம் பேசுவது பெரும்பாலும் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அந்த வார்த்தைதான் வந்து விழும் என்றார். சிலருக்குக் கெட்ட வார்த்தைகூட அப்படி ஒட்டிக்கொள்ளுமாம். உங்களுக்கு நல்ல வார்த்தையாகக் கிடைத்திருக்கிறது என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். நானும் அன்றைக்கு அதை நம்பினேன்.

சோறு போதுமா என்றால் சரி. இன்னும் போடவா என்றாலும் சரி. முதலில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. போகப் போகத்தான் ஒரு சரி மாதிரி இன்னொரு சரி இல்லை என்பது பிடிபட்டது. பிடித்த விஷயத்துக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்வார், கடைசியில் கொஞ்சம் இழுப்பார். பிடிக்காததற்குச் சுவரைப் பார்த்துச் சொல்வார், கயிற்றை வெட்டினாற்போலப் பட்டென்று முடியும். கோபம் வந்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். இதைப் படித்துக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயின. என்னைத் தவிர வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அவரவருக்கு அவரவர் வேலை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அவருடைய மிச்ச வாழ்க்கை தெருப் பக்கத்துச் சன்னலில் நடந்தது. கம்பி வைத்த பழைய மரச் சன்னல். அதை ஒட்டி ஒரு சேரைப் போட்டு, இடது கைக்கு எட்டும்படி தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிடுவேன். ஷட்டர்கள் ஏறுகிற நேரத்திலிருந்து இறங்குகிற நேரம் வரை அங்கேயே இருப்பார். லோடு ஆட்டோக்காரர்கள் கீழே இருந்து, "என்னண்ணே, டூட்டிக்கு வந்தாச்சா?" என்று கத்துவார்கள். இவர் இடது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, "சரீ" என்று இழுப்பார். எதிரே டீக்கடை வைத்திருக்கிற பாய் காலையில் முதல் டீயை ஆற்றியதும் கிளாஸை மேலே தூக்கிக் காட்டுவார். இவர் கையை உயர்த்துவார். பிறகுதான் பாய் அந்த டீயை விற்பார். தினமும் அது தவறாது. சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க ஜனம் ஆற்றைப் பார்த்துத் திரண்டு போகையில் இவர் பாட்டுக்கு ஊருக்கே கையாட்டிக்கொண்டிருப்பார். பாதிப் பேர் தெரிந்தவர்கள், மீதிப் பேர் தெரியாதவர்கள். எல்லோரும் திருப்பி ஆட்டினார்கள். பேச்சுப் போன மனிதருக்கு அது ஒன்றுதான் பேச்சு. நான் சமையலறையில் நின்றபடி அந்தச் சரீ-க்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரங்களில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

மூத்த கொழுந்தனாரின் மகன் சென்னையில் படித்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தான். நல்ல பையன், சித்தப்பா மேல் உயிர். ஆனால் கடை அழுக்காக இருக்கிறது, கயிற்றுக் கடை என்ற தோற்றமே போக வேண்டும், பேக்கிங் சாமான்களும் சேர்த்து விற்க வேண்டும் என்று துடித்தான். அதற்கு முதலில் முகப்பை மாற்ற வேண்டும் என்றான். இளைய கொழுந்தனாரைத் திருப்பூரிலிருந்து வரவழைத்தார்கள். அன்றைக்கு நான் என் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து என்று உசிலம்பட்டி போயிருந்தேன். என்னைத் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. பெண்கள் அந்த இடத்தில் இருக்கும் வழக்கமே இல்லாதபோது, நான் இருந்தால் என்ன, போனால் என்ன என்ற எண்ணம்தான்.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது எங்கள் அறையில் காலித் தம்ளர்கள் இருந்தன. மூத்த கொழுந்தனார் மூட்டுவலியோடு மாடி ஏறி, தம்பிக்கு முன்னால் உட்கார்ந்து, காபி வைத்து, மகனுடைய டேப்லெட்டில் படத்தைக் காட்டி, முறைப்படி கேட்டிருக்கிறார். இவர் சரி என்று சொல்லியிருக்கிறார். வேறு எதைத்தான் சொல்ல முடியும்? சுவரைப் பார்த்துச் சொன்னாரா என்று கொழுந்தனார் மனைவியிடம் கேட்டேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தானே என்றாள்.

டேப்லெட்டில் இருந்த படத்தைக் காட்டச் சொன்னேன். சன்னல் இருந்த இடத்தில் கடைப் பெயரின் நடு எழுத்து இருந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று பிறந்த வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. அப்படியே முதல் மாடிக்கு இறங்கிப் போனேன். அண்ணனும் தம்பியும் திண்டுக்கல் ரோட்டில் பரவைப் பக்கம் பார்த்த ஏதோ ஒரு ஷோரூம் முகப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும்னு உங்களுக்குத் தெரியாதா? வைகையில தள்ளிவிடவான்னு கேட்டாலும் சரிம்பாரு. அதைப் போய்ச் சம்மதம்னு எடுத்துக்கிட்டா எப்படி?" என்று மூத்தவரிடம் கேட்டேன்.

மூத்தவர் முகம் வாடிவிட்டது. அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அப்பா சொன்ன முறை ஒன்றுவிடாமல் செய்தோம் என்று நிம்மதியாக இருந்தவர். தம்பிக்கு உடம்பு இப்படி ஆன பிறகும் அவனைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று பிடிவாதமாக மாடி ஏறியவர். இளையவர்தான் பேசினார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அப்ப அண்ணன் சொல்ற சரி செல்லாதுங்கிறீங்களா, மதினி? இனிமே ரெண்டு பேரு சொன்னாப் போதும், அவரைக் கேக்க வேணாம்ங்கிறீங்களா?"

செல்லாது என்று சொன்னால் சன்னல் பிழைக்கும். ஆனால் அதற்குப் பிறகு யாரும் காபியோடு மாடி ஏறி வர மாட்டார்கள். வாசலையே தன் வாயால் ஆண்ட மனிதர், அண்ணன் தம்பி கணக்கில் மூன்றாவது வாயாக இருப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை. அதை அவர் பெண்டாட்டியே வந்து பிடுங்கினாள் என்றாகும். அடுத்த தடவை அவர் நிஜமாகவே ஒன்றைச் சரி என்று சொன்னாலும், அது வாய் குழறல் என்று ஆகிவிடும். அப்படிச் சொல்லவில்லை, அவர் சொன்னது சொன்னதுதான், அந்தச் சன்னலுக்கு மட்டும் ஒரு வழி விடுங்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வழி விட முடியுமா என்று கொழுந்தனார் மகன் பார்க்கத்தான் செய்தான். ஏசிபி வேலை எடுத்தவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். எழுத்துக்கு நடுவில் ஓட்டை விட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும் என்றார் அவர். சாரல் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத் தகட்டுக்குப் பின்னால் இறங்கிக் கிளாம்ப் துருப்பிடித்தால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயமாகவும் இருக்கலாம். எழுத்தைத் தள்ளிப் போடுங்கள் என்றேன். தள்ளினால் பெயர் நடுவில் வராது என்றான் பையன். "சித்தி, நான் ரூமுக்கு ஏசி போட்டுத் தாரேன். சித்தப்பாவுக்கு ஒரு கஷ்டமும் வராது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவன் கண்ணில் ஈரம் இருந்தது. கண்ணில் ஈரத்தோடு செய்கிறவர்களை எதிர்த்து என்னதான் செய்ய முடியும்?

சவுக்குச் சாரம் ஏறியது. பச்சை வலையைத் தொங்கவிட்டார்கள். சுவரில் துளை போடும்போது வீடே பல்லைக் கடித்தது. அறைக்குள் காரைப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது, நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். இதில் கொடுமை என்னவென்றால், அவருக்கு அந்த நாட்களில் சந்தோஷம் பிடிபடவில்லை. சன்னலுக்கு நேர் எதிரே, கை எட்டுகிற தூரத்தில் ஆட்கள். கிளாம்ப் மாட்டுகிறவர்கள் கம்பி வழியாக அவரிடம் பேசினார்கள். தண்ணீர் கேட்டார்கள். சட்டத்தை மட்டம் பார்க்கும்போது "ஐயா, நேரா இருக்கா?" என்று விளையாட்டுக்குக் கேட்பார்கள். "சரீ" என்பார் இவர். அவர்கள் சிரிப்பார்கள். தனக்காகவே தெரு மேலே ஏறி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. என்ன நடக்கப்போகிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, மறுபடி சன்னலுக்குத் திரும்பிக்கொள்வார்.

தகடுகள் கீழேயிருந்து மேலே வந்தன. எங்கள் சன்னலுக்கு வந்தபோது முதலில் கீழ்ப்பாதி மூடியது. தெரு போனது, எதிர்க்கடைகளின் மாடிகள் மட்டும் மிஞ்சின. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்பாதிக்கான தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். சாரத்தில் நின்றபடி அதைச் சட்டத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கினார். நாலைந்து நாள் பழக்கத்தில் வந்த தயக்கம். "ஐயா, மூடிரவா?" என்று கேட்டார்.

அவர் அப்போதுதான் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அந்த ஆளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சன்னலுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து, பட்டென்று, "சரி" என்றார். உடனே அதைத் திருத்துவது போல மறுபடி, "சரி, சரி, சரி" என்று இடது கையால் கம்பியைத் தட்டினார். வேண்டாம் என்று நான் கத்தினேன். தகட்டின் மறுபக்கம் டிரில் ஓட ஆரம்பித்துவிட்டது. அறையில் வெளிச்சம் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சுருங்கி, பிறகு அதுவும் போயிற்று. ஒரு வாரம் கழித்து தகடுகள் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துப் பூசை போட்டார்கள். கீழே எல்லோரும் கை தட்டியது எங்கள் அறைக்குச் சரியாகக் கேட்கவில்லை.

சன்னலைத் திறந்தால் தகட்டின் முதுகு தெரியும். வெயில் ஏற ஏற அந்த இடைவெளியில் அனல் தேங்கி உள்ளே அடிக்கும். தகடு சூட்டில் விரிகிறபோதும் சாயங்காலம் சுருங்குகிறபோதும் டக் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ கூப்பிடுவதாக நினைத்து அவர் திரும்பிப் பார்ப்பார். சொன்ன சொல் மாறாமல் ஏசி வந்தது. ஏசிக்காகச் சன்னலை அடைக்க வேண்டியிருந்தது. நான் அடைக்கவில்லை. ஏசியை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்தேன். அது என் முட்டாள்தனம்தான். திறந்து வைத்து என்ன வரப்போகிறது என்று எனக்கும் தெரியாமல் இல்லை.

பையனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு நாள் ஆளோடு வந்து அறைச் சுவரில் ஒரு டிவியை மாட்டினான். கடை வாசலில் இருக்கிற கேமராவின் படத்தை அதில் வரவழைத்தான். "சித்தப்பா, இங்க பாருங்க, நம்ம தெரு!" என்றான். தெருதான். மேலேயிருந்து பார்த்தது போல, கொஞ்சம் வளைந்து, சத்தம் இல்லாமல். லோடு ஆட்டோக்கள் போயின. எதிரே டீக்கடை தெரிந்தது. இவர் முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது, பையனை மனசுக்குள் வாழ்த்தினேன். அடுத்த நாள் காலையில் பாய் முதல் டீயை ஆற்றினார். இவர் இடது கையை உயர்த்தி, "சரீ" என்றார். பாய் டீயைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவினார். இவர் கை அப்படியே நின்றது. மறுபடி "சரீ" என்றார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

நான் கீழே போய்ப் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் கலங்கிப்போனார். "தெரியாமப் போச்சே தங்கச்சி. அண்ணன் முகத்தைப் பார்க்காம எனக்கே போணி ஆன மாதிரி இல்ல. நாளையிலேருந்து பாருங்க" என்றார். சொன்னபடி மறுநாள் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். ஆனால் பழக்கத்தில் எங்கள் பழைய சன்னலைப் பார்த்துத் தூக்கினார். டிவியில் அவர் எங்கோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தெரிந்தது. கேமரா ஷட்டருக்கு மேலே இருக்கிறது என்று போய்ச் சொன்னேன். அதற்கடுத்த நாள் கேமராவுக்கு நேராகத் தூக்கினார். நின்றவர்கள், யாருக்குப் பாய் சலாம் வைக்கிறார் என்று சிரித்தார்கள். அப்படியும் விடாமல் கொஞ்ச காலம் செய்தார். பிறகு ஒரு நாள் கூட்டம், ஒரு நாள் பால் பொங்கியது, ஒரு நாள் மறந்துவிட்டது. பதில் வராத ஓர் இயந்திரத்துக்குத் தினமும் கையைத் தூக்கு என்று ஒரு மனிதரை எவ்வளவு நாள் கேட்பது? இவரும் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். டிவியை நான் அணைத்தபோது சுவரைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

அதன் பிறகு அவரைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். அங்கே சந்துப் பக்கம் ஒரு சின்னச் சன்னல். அடுப்பை ஒட்டிச் சேர் போட்டால் நான் திரும்பிக்கூட நிற்க முடியாது, ஆனாலும் போட்டேன். அந்தச் சன்னலில் தெரு தெரியாது. சந்தின் முனையில் ஆற்றின் ஒரு துண்டு தெரியும். மணல், கருவேலம் புதர், எப்போதாவது மேய வருகிற மாடுகள். கையாட்ட ஆள் கிடையாது. அவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு கொதிக்கும்போது வாசனை பிடித்து, ஒன்றிரண்டு தடவை என் முகத்தைப் பார்த்து "சரி" என்றார். இழுக்கவில்லை. நாட்கள் போகப் போக அதுவும் குறைந்தது. எப்போது கடைசியாகச் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பேன்.

போன மாசி மாதம் மூத்த கொழுந்தனார் மாடி ஏறி வந்தார். பின்னால் அக்கா காபித் தட்டோடு வந்தாள், இளையவரும் வந்திருந்தார். காபியைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அவர் சேருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முன்பக்கம் நன்றாக அமைந்துவிட்டது, ஆனால் ஆற்றுப் பாலத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பக்கச் சுவர் பாசியும் குழாயுமாக அசிங்கமாகத் தெரிகிறது, அதையும் தகடு போட்டு மூடிவிடலாம் என்று பையன் சொல்கிறான் என்றார். மூத்தவர் இதைச் சொல்லும்போது சமையலறைச் சன்னலைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கச் சுவரில்தான் அந்தச் சன்னல் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

தம்பிக்கு முன்னால் காபியை வைத்தார். குனிந்து, காதுக்குப் பக்கத்தில், "என்னப்பா, போட்டுரலாமா?" என்று கேட்டார்.

சுவரைப் பார்த்துச் சொன்னால் இந்தத் தடவை விடுவதில்லை, என்ன ஆனாலும் சரி, எல்லோர் முன்னாலும் அதைப் படித்துச் சொல்லிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனார் மறுபடி கேட்டார். காபியில் ஆடை படர்ந்தது. மூன்றாவது தடவை கேட்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. தம்பியின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கை வைத்த இடத்தில் கிடந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தாயி, அப்பா காலத்துல பொம்பளை வாய் செல்லாதுன்னு வெச்சிருந்தாக. அது அப்ப. இப்ப அவனுக்குப் பதிலா நீ சொல்லு. நீயும் சொல்லலேன்னா ரெண்டு வாயோட முடிஞ்சுபோயிரும். அப்புறம் இந்த மாடிக்கு ஒருத்தனும் கேக்க வரமாட்டான். என் மகனும் வரமாட்டான். நான் இருக்கும்போதே சொல்லிரு" என்றார். வேண்டிக்கொள்வது போலத்தான் சொன்னார். தன் காலத்துக்குப் பிறகு எங்களுக்கு என்ன ஆகும் என்ற கவலை அதில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும்படி அவர் கேட்கவே இல்லை. அப்படி ஒரு பதில் இருப்பதாகவே அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. மாமனார் வைத்துவிட்டுப் போனது சரி என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான்.

எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஊரில் என் வாய்க்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். அடுப்புக்கு மேலே புகை படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, பட்டென்று, "சரி" என்றேன்.

அப்பாடா என்று மூத்தவர் எழுந்தார். இளையவர் தம்ளரை எடுத்தார். அக்கா என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தச் சரியைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். நான் திரும்பியபோது அவர் ஆற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.